கல்லுக்குப் பெயர் கொடுத்த நகரம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரொசெற்றாக் கல் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. பாடசாலைச் சரித்திரப் புத்தகத்தில் அதன் படத்தையாவது பார்த்திருப்போம். மூலை உடைந்த ஒரு கரும்பலகை. அதில் மூன்று விதமான எழுத்து. அதை வைத்துத்தான் எகிப்தியரின் பழைய சித்திர எழுத்தைப் படித்தறிந்தார்கள் என்பது நாம் மனனம் செய்த செய்தி. ஆனால் ரொசெற்றா என்பது ஓர் ஊர், அங்கே மனிதர்கள் வீடு கட்டி, வியாபாரம் செய்து, சண்டையிட்டு, கவிதை எழுதி வாழ்ந்தார்கள், இப்போதும் வாழ்கிறார்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவில் வருகிறது? ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பெயரைக் கல் எடுத்துக்கொண்டு இலண்டனுக்குப் போய்விட்டது. இன்றைக்கு அந்த ஊரைப் பார்க்கலாம். கல்லையும் முற்றாக ஒதுக்கிவிட முடியாது. அதன் முறை வரும்போது அதைப் பற்றியும் பேசுவோம்.

ஊரின் உண்மையான பெயர் ரஷீத். நேர்வழி பெற்றவன், நேர்வழி காட்டுபவன் என்றெல்லாம் அரபியில் பொருள்படும் அழகிய சொல். எனினும் இது அரபிகள் புதிதாகச் சூட்டிய பெயர் அல்ல. கொப்திய மொழியில் அவ்வூருக்கு வழங்கிய பழைய பெயரே அரபு நாவில் பட்டு ரஷீத் ஆயிற்று. பிறகு மத்தியதரைக் கடலில் ஓடிய ஐரோப்பிய மாலுமிகளின் வாயில் அது ரொசெற்றாவாயிற்று. அவர்கள் காதுக்கு அது 'சின்ன ரோஜா' என்பதுபோல் ஒலித்தது. ரோஜாவுக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு இந்த ஒலி மயக்கம் மட்டுந்தான். அந்த ஊரின் மரம் பேரீச்சை. பத்து இலட்சம் பேரீச்சை மரங்களின் ஊர் என்று எகிப்தியர் அதைச் செல்லமாகச் சொல்வார்கள்.

நைல் நதி கெய்ரோவைக் கடந்ததும் இரண்டாகப் பிரிகிறது. கிழக்குக் கிளை தமியாத் என்னும் ஊரருகே கடலில் விழுகிறது. மேற்குக் கிளையின் முகத்துவாரத்திலிருந்து சில மைல் உள்ளே, நதியின் மேற்குக் கரையில் இருப்பது ரஷீத். அங்கிருந்து மேற்கே சுமார் 65 கிலோமீற்றர் போனால் அலெக்சாந்திரியா. இந்த மேற்குக் கிளையோரம், ரஷீத்துக்குச் சற்று மேலே பூவா என்றொரு பழைய ஊர் உண்டு. 1326ஆம் ஆண்டில் இளைஞரான இப்னு பதூதா அதன் அயலில் வாழ்ந்த ஒரு ஞானியைத் தரிசிக்கப் போனார். அங்கே ஒரு பெரும் பறவை தன்னைச் சுமந்து பறப்பதாகக் கனவு கண்டதையும், தூர தேசமெல்லாம் போவாய் என்று அந்த ஞானி பலன் சொன்னதையும் தமது பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பறவைதான் பதினெட்டு வருடங்கள் கழித்து அவரை நம்முடைய இலங்கைக் கரையிலும் இறக்கிவிட்டது என்று சொல்லலாமல்லவா?

ரஷீத்தின் பொற்காலம் ஒஸ்மானியர் காலம். 1517இல் எகிப்து இஸ்தான்புல் சுல்தானின் கைக்குப் போன பிறகு, நைல் நாட்டின் பண்டமெல்லாம் வடக்கே கடல் வழியாகப் போக வேண்டியதாயிற்று. அதற்கு வாசல் ரஷீத்தும் தமியாத்தும். அப்படியானால் பழம்பெருமை வாய்ந்த அலெக்சாந்திரியா எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அலெக்சாந்திரியாவில் நல்ல துறைமுகம் இருந்தது. ஆனால் நைல் இல்லை. அதை நதியோடு இணைத்த பழைய கால்வாய் சேறு நிறைந்து தூர்ந்து கிடந்தது. கடற்கப்பல் அலெக்சாந்திரியாவில் நங்கூரமிட்டாலும், சரக்கைச் சிறு தோணிகளில் மாற்றி, கரையோரமாக ரஷீத் முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நதியில் கெய்ரோவின் பூலாக் துறைக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். முகத்துவாரத்தில் மணல் திட்டு ஒன்று இருந்தது. அதை எப்போது கடக்கலாம், எந்தக் காற்றில் கடக்கக்கூடாது என்பது உள்ளூர்த் தோணிக்காரர்களுக்கே தெரிந்த வித்தை. பல தோணிகள் அதில் மோதி மூழ்கியும் போயின. அந்த வித்தையில்தான் ஊர் முழுவதும் சோறு தின்றது என்றால் மிகையில்லை.

யெமன் தேசத்துக் கோப்பிக்கொட்டை செங்கடல் வழியாகச் சுயெஸ் வந்து, ஒட்டகத்தில் கெய்ரோ போய், நைலில் மிதந்து ரஷீத் வந்து, அங்கிருந்து இஸ்தான்புல் கோப்பிக்கடைகளுக்குப் போயிற்று. வயல்களில் விளைந்த அரிசி சுல்தானின் தலைநகருக்குப் போயிற்று. ரஷீத்தைச் சுற்றியுள்ள தாழ்நிலம் நெல் வயல். நெற்சோறு உண்ணும் நமக்கு இது ஒரு நெருக்கமான காட்சி. ஊருக்குள் அபூ ஷாஹீன் என்ற பெயருடைய பழைய ஆலை ஒன்று இன்றும் நிற்கிறது. விலங்குகள் சுற்றிவர மரப்பற்சக்கரங்கள் சுழன்று வேலை செய்யும் ஆலை. ஆணி, இரும்பு அதிகமில்லாமல் மரத்தாலேயே செய்த அந்தப் பெரிய சக்கரங்களைப் படத்தில் பார்த்தாலே, தோணி கட்டத் தெரிந்த தச்சர்கள் வாழ்ந்த ஊர் இது என்பது விளங்கும்.

இந்த வியாபாரத்தில் சேர்ந்த பணம் எங்கே போயிற்று? வீடுகளில் போயிற்று. ரஷீத் வீடுகளைப் போல் எகிப்தில் வேறெங்கும் நிறையக் காண முடியாது. கெய்ரோவின் செல்வர்கள் கல்லால் கட்டினார்கள். ரஷீத்தில் கல் கிடையாது. நதி கொண்டுவந்த வண்டல் மண்தான் உண்டு. ஆகவே செங்கல் சுட்டார்கள். சாதாரணமாகச் சுட்டால் சிவப்பு. அதிகம் சுட்டால் கறுப்பு. இந்த இரண்டையும் மாறி மாறி அடுக்கி, இடையே வெள்ளைச் சாந்தைச் சற்றே துருத்தி நிற்கும்படி பூசிவிட்டால், பூச்சு வேலை, சாயம் ஒன்றும் தேவையில்லை, சுவரே சித்திரமாகிவிடும். செங்கல் வரிசைகளுக்கிடையே மரச்சட்டங்களைக் கிடையாகப் பதித்தார்கள். இளகிய நதிக்கரை மண்ணில் சுவர் பிளக்காமல் கட்டிப்பிடிக்க அது உதவிற்று.

மூன்று நான்கு மாடிகள். நிலத்தளம் பண்டகசாலை, சில வீடுகளில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வழங்கும் தொட்டியும் அங்கேயே. முதல் மாடி ஆண்களுக்கும் விருந்தினருக்கும். அதற்கு மேல் பெண்களும் குழந்தைகளும். மேல்மாடிகள் வீதியை நோக்கித் துருத்தி நிற்கும். யன்னல்களுக்குக் கடைசல் மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த மஷ்ரபிய்யாத் தட்டிகள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், காற்றும் வரும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. ஒரு சுவரில் சுழலும் அலுமாரி. பெண்கள் அந்தப் பக்கத்திலிருந்து உணவை வைத்துச் சுழற்றிவிட்டால், இந்தப் பக்கத்தில் விருந்தினர் எடுத்துக்கொள்வார்கள். முகம் பாராத இந்த விருந்தோம்பலை இன்றைய பெண் எழுத்தாளர்கள் எப்படி எழுதுவார்கள் என்று யோசிக்கிறேன். அலுமாரியின் இந்தப் பக்கம் அமர்ந்து சாப்பிட்டவர்களின் கதைதான் இதுவரை அதிகம் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இந்த வீடுகளின் மூலைகளிலும் வாசல்களிலும் பழைய காலத்துக் கல் தூண்கள் நிற்கின்றன. கிரேக்க, ரோமக் கட்டடங்களிலிருந்தும் அதற்கு முந்திய கோயில்களிலிருந்தும் எடுத்துவந்தவை. ஊரின் பெரிய பள்ளிவாசலாகிய ஸக்லூல் பள்ளிவாசலுக்குள் நுழைந்தால் ஒரு தூண்காடு. ஒரு தூணின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை, ஒன்றின் தலை வேறொன்றின் தலையோடு ஒத்துவராது. கல் இல்லாத ஊர் கையில் கிடைத்த கல்லையெல்லாம் தனதாக்கிக்கொண்டது. பழைய சமயம், பழைய மொழி, பழைய அரசன் என்று பேதம் பாராமல் ஒவ்வொரு கல்லுக்கும் சுமப்பதற்கு ஒரு பாரம் கொடுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரொசெற்றாக் கல்லும் இந்தப் பழக்கத்தினால்தான் ரஷீத்துக்கு வந்தது.

1798இல் நெப்போலியன் எகிப்தில் வந்திறங்கினான். ரஷீத் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. அதற்கு ஆளுநராக நியமிக்கப்பட்டவர் ஜெனரல் மெனூ. ஐம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பிரபு வம்சத்தவர். இவர் இஸ்லாத்தைத் தழுவி, அப்துல்லாஹ் என்று பெயர் வைத்துக்கொண்டு, 1799ஆம் ஆண்டு ரஷீத்தைச் சேர்ந்த ஸுபைதா என்ற பெண்ணை மணந்தார். ஸுபைதாவின் தந்தை முஹம்மத் அல்பவ்வாப். திருமண ஒப்பந்தம் ரஷீத் ஷரீஆ நீதிமன்றப் பதிவேட்டில் எழுதப்பட்டது. அக்காலத்துச் சரித்திராசிரியர் அல்ஜபர்த்தியும் இந்தத் திருமணத்தைக் குறித்து வைத்திருக்கிறார். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சுலைமான் என்று பெயரிட்டார்கள். பிரெஞ்சுப் படை தோற்று வெளியேறியபோது ஸுபைதாவும் குழந்தையோடு எகிப்தை விட்டுப் போனார். மெனூ 1810இல் வெனிஸ் நகரில் இறந்தார்.

வெற்றி கொண்ட படையின் தளபதி. தோற்ற ஊரின் பெண். அவள் சம்மதித்தாளா, சம்மதிக்க வைக்கப்பட்டாளா? பதிவேட்டில் மஹர்த் தொகைக்கும் சாட்சிகளுக்கும் இடமுண்டு. இந்தக் கேள்விக்கு இடமில்லை. சரித்திரம் விட்ட அந்த வெற்றிடத்தில்தான் இலக்கியம் கால் வைக்கிறது.

கால் வைத்தவர் அதே ஊர்க்காரர், அலீ அல்ஜாரிம். நேயர்களே, இந்தப் பெயர் உங்களிற் சிலருக்கு எங்கோ கேட்டதுபோல் இருக்கும். நமது நாட்டு அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'அந்நஹ்வுல் வாளிஹ்' என்ற இலக்கண நூலும் 'அல்பலாகத்துல் வாளிஹா' என்ற அணியிலக்கண நூலும் அவர்களுக்குத் தெரியாமல் இராது. அரபு இலக்கணத்தைச் சூத்திரமாக உருப்போட வைக்காமல், முதலில் உதாரணங்களைக் காட்டி, பிறகு விளக்கி, கடைசியில் விதியைச் சொல்லும் முறையில் எழுதப்பட்ட நூல்கள் அவை. அவற்றை முஸ்தபா அமீனோடு சேர்ந்து எழுதியவர்தான் இந்த அலீ அல்ஜாரிம். அட்டையில் அவர் பெயரைப் பார்த்த மாணவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர் ரொசெற்றாக் கல்லின் ஊரில் பிறந்தவர் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

1881இல் ரஷீத்தில் பிறந்து, அல்அஸ்ஹரிலும் தாருல் உலூமிலும் பயின்று, இங்கிலாந்துக்கும் போய்ப் படித்துத் திரும்பியவர். கல்வி அதிகாரியாகப் பணியாற்றினார். கெய்ரோவில் அரபு மொழிக்கான கழகம் தொடங்கப்பட்டபோது அதன் ஆரம்ப உறுப்பினர்களுள் ஒருவரானார். மரபு வழுவாத கவிஞர். அவருடைய காலத்தில் புதுக்கவிதைக் காற்று பலமாக வீசத் தொடங்கியிருந்தது. அவரோ பழைய ஓசையை விடவில்லை. அதனால் நவீன விமர்சகர் சிலர் அவரை ஒதுக்கிவிடுவதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கவிதையில் பழமைவாதியாக இருந்த அதே மனிதர் உரைநடையில் சரித்திர நாவலைப் பொதுமக்களிடம் கொண்டுபோனார். ஹம்தானிய வம்சத்துக் கவிஞன் அபூ பிராஸைப் பற்றி எழுதினார். அந்தலூசியாவின் கவி அரசன் அல்முஃதமிதைப் பற்றி எழுதினார். அதே கையால் தம் ஊர்ப் பெண்ணைப் பற்றியும் ஒரு நாவல் எழுதினார். அதன் பெயர் 'காததுர் ரஷீத்'. ரஷீத்தின் எழிலாள் என்று சொல்லலாம். நாயகி நாம் மேலே கண்ட ஸுபைதாதான். அரசர்களையும் வீரர்களையும் பாடிய வரிசையில், ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்கும் ஆசனம் போட்டது சாதாரண காரியமல்ல. பதிவேட்டில் ஒரு பெயராக நின்றவள் அங்கே ஒரு வீட்டுக்கும் தெருவுக்கும் உரியவளாகிறாள்.

அல்ஜாரிமின் மரணமும் ஒரு கவிஞனுக்குரிய மரணமே. 1949இல், கொலையுண்ட பிரதமர் நுக்ராஷிக்கு நடந்த இரங்கற் கூட்டத்தில் அவர் எழுதிய கையறுநிலைக் கவிதையை அவருடைய மகன் வாசித்துக்கொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருந்தபடியே உயிர் பிரிந்தது.

இனிக் கல்லுக்கு வருவோம். ஸுபைதாவுக்குத் திருமணம் நடந்த அதே 1799ஆம் ஆண்டு யூலை மாதம், ஊருக்கு வடக்கே நதியோரத்திலிருந்த பழைய கோட்டையைப் பிரெஞ்சுப் படையினர் பலப்படுத்திக்கொண்டிருந்தனர். அது 15ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் காயித்பே கட்டிய கோட்டை. சுவரை இடித்தபோது எழுத்துள்ள கல்லொன்று வெளிப்பட்டது. பொறியியல் படையதிகாரி புஷார் அதன் அருமையை உணர்ந்தார். கல் கி.மு. 196இல் பொறிக்கப்பட்டது, ஐந்தாம் தொலமி என்ற இளம் அரசனுக்குக் குருமார் வழங்கிய கௌரவங்களைச் சொல்வது. சித்திர எழுத்தில் 14 வரிகள், தெமோத்திக் என்னும் மக்கள் எழுத்தில் 32 வரிகள், கிரேக்கத்தில் 54 வரிகள். அது ரஷீத்தில் பொறிக்கப்பட்டதல்ல. நதிக்கு மேலே சாயிஸ் போன்றதொரு கோயில் நகரில் நின்றிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. கோயில் அழிந்தது, கல் கட்டடக் கல்லாயிற்று. கிடைத்த கல்லுக்குப் பாரம் கொடுக்கும் அந்த வழக்கம் இதையும் விட்டுவைக்கவில்லை.

1801இல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது அதன் தலைமைத் தளபதியாக இருந்தவர் வேறு யாருமல்ல, நமது அப்துல்லாஹ் மெனூதான். சேகரித்த பழம்பொருட்களையெல்லாம் ஒப்படைக்கும்படி ஆங்கிலேயர் கேட்டார்கள். இந்தக் கல் மட்டும் என் சொந்தப் பொருள் என்று வாதாடிப் பார்த்தார் மெனூ. பலிக்கவில்லை. ரஷீத்தின் கல்லுக்காக ஒரு பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் உரிமை பேசிச் சண்டையிட்டார்கள். ரஷீத்காரர் எவரையும் யாரும் கேட்கவில்லை. 1802 முதல் அது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

மூன்று எழுத்துக் கல் என்று நாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதில் நாலாவது எழுத்தும் உண்டு. கல்லின் இரு பக்கவாட்டிலும், பிரித்தானியப் படை 1801இல் எகிப்தில் கைப்பற்றியது என்றும், மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அன்பளிப்புச் செய்தது என்றும் ஆங்கிலத்தில் தீட்டி வைத்தார்கள். கைப்பற்றியதை அன்பளிப்புச் செய்யலாம் என்ற அந்த இலக்கணத்தை விளக்க ஓர் அல்ஜாரிம் போதாது!

சித்திர எழுத்தின் மர்மத்தை 1822இல் அவிழ்த்தவர் பிரெஞ்சு அறிஞர் சம்பொலியன். அந்தப் புகழ் அவருக்கு உரியதே. ஆனால் அவருக்குத் துணைநின்றது கொப்திய மொழி அறிவு. பாரிஸில் வாழ்ந்த யுஹன்னா ஷிஃப்திஷி என்ற எகிப்தியப் பாதிரியாரிடம் அவர் அம்மொழியைப் பழகினார். பழைய எகிப்திய மொழியின் கடைசிப் பிள்ளை கொப்திய மொழி. தேவாலய வழிபாட்டில் மட்டும் உயிரோடிருந்தது. கல் ஒரு கதவு என்றால், திறவுகோல் எகிப்தியர் வாயில் இருந்தது. நூதனசாலைக்குக் கல்லைக் கொண்டுபோவது சுலபம்; ஒரு மொழியை இறக்காமல் பதினெட்டு நூற்றாண்டு வாயிலேயே வைத்துக் காப்பது அப்படியல்ல.

ஆங்கிலேயர் கல்லோடு போனார்கள். சில வருடங்களில் திரும்பி வந்தார்கள். 1807 மார்ச்சில் ஜெனரல் பிரேசர் தலைமையில் அலெக்சாந்திரியாவில் இறங்கிய படைக்கு அரிசி வேண்டியிருந்தது. அரிசி இருந்த இடம் ரஷீத். மார்ச் 31ஆம் திகதி ஜெனரல் வோச்சோப் சுமார் 1,500 பேருடன் ஊருக்குள் நுழைந்தார். எதிர்ப்பே இல்லை. வாசல்கள் திறந்திருந்தன, தெருக்கள் வெறிச்சோடியிருந்தன. ஊரின் ஆளுநர் அலீ பே தமது சிறு படையையும் ஊராரையும் வீடுகளுக்குள்ளும் கூரைகளிலும் ஒளித்து வைத்திருந்தார். பின்வாங்கும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாதென்று தோணிகளையெல்லாம் அக்கரைக்கு அனுப்பிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஸக்லூல் பள்ளிவாசல் மினாராவிலிருந்து எழுந்த தக்பீர் முழக்கமே அடையாளம் என்பது ஊரார் சொல்லிவரும் கதை. ஒடுங்கிய தெருக்களுக்குள் நெருக்கியடித்து நின்ற சிப்பாய்கள்மேல் எல்லா யன்னல்களிலிருந்தும் வெடி. 180 பேருக்கு மேல் செத்தார்கள். வோச்சோப்பும் அவர்களுள் ஒருவர். நாம் முன்பு பார்த்த அந்த மஷ்ரபிய்யா நினைவிருக்கிறதா? உள்ளிருப்பவர் பார்க்கலாம், வெளியிலிருப்பவர் பார்க்க முடியாது. வெட்கத்துக்குச் செய்த தட்டி அன்று கோட்டைச் சுவராயிற்று.

ஏப்ரலில் மேலும் பெரிய படை வந்தது. ஊர்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. ஊர்ப் பெரியவர் செய்யித் ஹஸன் குரைத் கெய்ரோவுக்குக் கடிதம் அனுப்பி உதவி கேட்டார். ஏப்ரல் 21இல் ஊருக்குத் தெற்கே அல்ஹமாத் என்ற இடத்தில் ஆங்கிலப் படை மீண்டும் தோற்றது. செப்டெம்பரில் எகிப்தை விட்டே போய்விட்டார்கள். ரஷீத் அடங்கியுள்ள புஹைரா மாகாணம் இன்றும் செப்டெம்பர் 19ஐத் தன் திருநாளாகக் கொண்டாடுவது இந்த வெற்றியை நினைத்துத்தான்.

இந்த வெற்றியால் ஆதாயம் அடைந்தவர் கெய்ரோவில் அப்போதுதான் பதவிக்கு வந்திருந்த முஹம்மத் அலீ பாஷா. ரஷீத் சிந்திய இரத்தத்தில் அவருடைய ஆசனம் உறுதியாயிற்று. பத்து வருடம் கழித்து அவர் ரஷீத்துக்குச் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? 1817இல் நைலிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு நேராக ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1820இல் வேலை முடிந்தது. சுல்தான் மஹ்மூதின் பெயரால் மஹ்மூதிய்யாக் கால்வாய் என்று வழங்கியது. எழுபது கிலோமீற்றருக்கு மேல் நீளம். கிராமங்களிலிருந்து பிடித்துவந்த விவசாயிகள் கையாலும் கூடையாலும் வெட்டியது. அந்த வேலையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பாஷா ரஷீத்தைப் பகைத்து இதைச் செய்யவில்லை. நல்ல துறைமுகத்துக்கு நதி வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு சரியானதும்கூட. நெப்போலியன் வந்தபோது 10,000 பேருக்கும் குறைவாக வாழ்ந்த அலெக்சாந்திரியா பிறகு மத்தியதரைக் கடலின் மாநகரங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் மணல் திட்டைக் கடக்கும் வித்தை தெரிந்த தோணிக்காரனுக்கு ஒரே நாளில் அந்த வித்தை செல்லாக்காசாயிற்று. பண்டகசாலைகள் வெறுமையாயின. வியாபாரிகள் அலெக்சாந்திரியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பீரங்கியால் விழாத ஊரை ஒரு வாய்க்கால் விழுத்தியது.

1882இல் ஆங்கிலேயர் மூன்றாம் முறை வந்தபோது ரஷீத்தை யாரும் தேடவில்லை. அலெக்சாந்திரியாவில்தான் குண்டு பொழிந்தார்கள். அஹ்மத் ஒராபி பாஷா அந்த மஹ்மூதிய்யாக் கால்வாயோரம் கஃப்ருத் தவ்வாரில் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். அவர்களோ சுயெஸ் பக்கமாகச் சுற்றி வந்து தல்லுல் கபீரில் அவரைத் தோற்கடித்தார்கள். 1883 தொடக்கத்தில் ஒராபியும் தோழர்களும் கொழும்பில் வந்திறங்கிய கதை நம்மவர்க்குப் புதிதல்ல. சித்திலெப்பையின் 'அசன்பே'யும் மிசுறு தேசத்துப் பிள்ளையே என்பதை இலக்கிய நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

வறுமை சில சமயம் பழமைக்குக் காவல். பணம் ஓடிய அலெக்சாந்திரியாவில் ஒஸ்மானியர் காலத்து வீடுகள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுந்தன. இடித்துக் கட்டப் பணமில்லாத ரஷீத்தில் பல நிலைத்து நின்றன. இன்று அவற்றில் எஞ்சியவை இருபத்திரண்டு. 1807 வெற்றிக்கு அடுத்த வருடம் கட்டிய அல்அமாஸ்யலீ வீடு, ரமழான் வீடு, அரப் கல்லீ வீடு என்று பெயர் சொல்லிக் காட்டலாம். செங்கல்லுக்கு எதிரி நிலத்தடி நீர். வயலுக்குப் பாய்ச்சும் நீரும் வீட்டுக் கழிவு நீரும் அடியிலிருந்து ஊறி, உப்பைச் சுவருக்குள் ஏற்றுகின்றன. திருத்த வேலைகள் நடப்பதும், நிற்பதும், மறுபடி தொடங்குவதுமாக இருக்கின்றன. 2003இல் எகிப்து அரசு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ரஷீத்தைச் சேர்த்தது.

அதே 2003இல்தான் கல்லைத் திருப்பித் தரும்படி எகிப்தியத் தொல்பொருள் துறைத் தலைவராயிருந்த ஸாஹி ஹவாஸ் கேட்டார். 2005இல் பிரித்தானிய நூதனசாலை அசலைப் போலவே செய்த ஒரு பிரதியை அனுப்பியது. அது அரப் கல்லீயின் வீட்டில் அமைந்த ரஷீத் நூதனசாலைக்குப் போயிற்று. சித்திர எழுத்து வாசிக்கப்பட்டு இருநூறு வருடம் நிறைந்த 2022இல் அசலைக் கேட்டு மீண்டும் கையெழுத்து வேட்டை நடந்தது. கல் திரும்ப வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் அதற்காகக் குரல் கொடுப்போரில் எத்தனை பேர், பிரதிக் கல்லுக்கு நிழல் தரும் அந்த வீட்டின் சுவரில் உப்பு ஏறுவதைப் பற்றிப் பேசுகிறார்கள்? கல் எந்த நாட்டில் இருந்தாலும் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும். செங்கல் வீட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நதியின் குணமும் மாறிவிட்டது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகு, ரஷீத்துக்கு வண்டல் வருவதில்லை. முகத்துவாரத்தைக் கட்டியெழுப்பிய மண் நின்றுபோகக் கடல் முன்னேறத் தொடங்கியது. சில காலம் வருடத்துக்கு நூறு மீற்றர் வரை கரை பின்வாங்கியது. இரு புறமும் கடற்சுவர் கட்டித்தான் அதை மட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

ஆனால் தோணித் தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். நதியோரத்தில் மரவள்ளங்களும் மீன்பிடிப் படகுகளும் இப்போதும் கட்டப்படுகின்றன. சாளை பிடிக்கும் பருவம், பேரீச்சை இறக்கும் பருவம் என்று ஊரின் வருடம் ஓடுகிறது. இதே முகத்துவாரக் கரையிலிருந்துதான் வேலை தேடும் இளைஞர்கள் இரவில் படகேறி இத்தாலிக்குப் போக முயன்றார்கள். 2016 செப்டெம்பர் 21ஆம் திகதி, மாகாணத் திருநாள் கழிந்து இரண்டாம் நாள், எகிப்தியரும் சூடானியரும் எரித்திரியரும் நிறைந்த ஒரு படகு ரஷீத்துக்கு அப்பால் கவிழ்ந்தது. 200க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அலை ஒதுக்கிய உடல்களைத் தேடி எடுக்க முதலில் கடலுக்குப் போனவை அந்தக் கரையின் மீன்பிடிப் படகுகள்.

நதி வளையும் இடத்தில், ஊருக்குத் தெற்கே, அபூ மன்தூர் பள்ளிவாசல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பின்னால் மணல்மேடு, முன்னால் நைல். அந்தக் காலத்தில் கெய்ரோவுக்குப் புறப்படும் தோணிகள் அதைக் கடந்துதான் மேலே போயின. இப்போது அந்த வழியே கெய்ரோவுக்குப் போவார் இல்லை; மாலையில் குடும்பமாய் வருபவர்களை ஏற்றிக்கொண்டு சிறு படகுகள் ஊர்த்துறையிலிருந்து அங்கே போய் வருகின்றன.